பார்வைக்கு வைக்கப்பட்ட பிங்கர்டுகள்

என் தகப்பனார், தாயார் உட்படப் பிங்கர்டு குடும்பத்தின் பதினொரு பேர், பிரையர் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் அவசியம் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் ஏழாம் எண்ணாகச் சேர்க்கப்பட்டிருப்பதாக மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு வாழ்த்துக் கடிதம் வந்தது. பதினொரு பேரும் காலமானவர்கள். கடிதம் இதை ஒரு சாதகமாகவே குறிப்பிட்டிருந்தது: "பராமரிப்பு குறைவு. வார இறுதியிலும் திறந்திருக்கும்."

நான் தபால் இலாகாவில் முப்பத்துமூன்று ஆண்டுகள் வேலை பார்த்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவன். எல்லா வகைக் கடிதங்களும் என் கை வழியாகப் போயிருக்கின்றன. இந்த வகை போனதில்லை. தொடக்கமே "அன்புள்ள தாட்" என்று இருந்தது. என் பெயர் தாடியஸ் பிங்கர்டு. வயது எண்பத்திரண்டு. என்னைத் தாட் என்று கூப்பிடும் உரிமை உள்ளவர்களில் உயிரோடு இருப்பது என் அக்கா வெர்லீன் ஒருத்திதான்.

நகரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அட்லாண்டாவுக்கு வடக்கே நெடுஞ்சாலையில் வந்தால் வரிசையாகப் புறநகர்கள். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவது பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே ஒவ்வொன்றும் தன்னை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டப் பாடுபடுகிறது. மேற்கே ஓர் ஊரில் இரண்டு மாடி உயரத்துக்குத் தகரத்தால் ஒரு பீச் பழம் செய்து வைத்திருக்கிறார்கள். கிழக்கே ஓர் ஊரில் சினிமாவில் நான்கு நொடி வந்த மரப்பாலம் இருக்கிறது. பிரையர் ஸ்பிரிங்ஸ் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாக்கெடுப்பு நடத்தித் தன்னைத்தானே நகரமாக அறிவித்துக்கொண்ட ஊர். பெயரில் ஊற்று உண்டு, ஊரில் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க நகர்மன்றம் சதுக்கத்தில் குழாய்த் தண்ணீரால் ஓர் ஊற்று அமைத்தது. அதுதான் ஒன்றாம் எண். ரயிலே வராத ஊருக்காக வேறு மாநிலத்திலிருந்து வாங்கி வந்த ரயில் பெட்டி மூன்றாம் எண். இவற்றைக் கண்டுபிடித்து, எண் கொடுத்து, பலகை நடுவதற்கென்றே பார்வையிடங்கள் வாரியம் என்று ஒன்று இருக்கிறது. அந்த வாரியத்தின் கடிதம்தான் எனக்கு வந்தது.

எங்கள் குடும்ப இடுகாடு ஒரு கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்துக்கு நடுவில், இரும்பு வேலிக்குள் இருக்கிறது. எதிரே மெத்தைக் கடை. பக்கத்தில் நகத்துக்குச் சாயம் பூசும் கடை. என் முப்பாட்டனார் எஸ்ரா பிங்கர்டு, அடிமைத்தளை அறுந்து பதினாறு ஆண்டுகளுக்குள், செங்கல் சூளையில் உழைத்துச் சேர்த்ததைக் கொண்டு வாங்கிய நாற்பது ஏக்கர் அது. என் சித்தப்பா அதை விற்றபோது இடுகாட்டை மட்டும் விலக்கிப் பத்திரம் எழுதினார். வாங்கியவர்கள் வாக்குத் தவறவில்லை. இடுகாட்டை விட்டுவிட்டு நான்கு பக்கமும் தார் போட்டார்கள்.

வேலிக்குள் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. அம்மாவுக்கு இடப்பக்கம். அது வெர்லீன் அக்காவுக்கு என்று அம்மாவே சொல்லிவிட்டுப் போனாள். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசி வரை அம்மாவைப் பார்த்துக்கொண்டது அவள்தான். எனக்கு மேகன் நகரில் என் மனைவியின் பக்கத்தில் இடம் இருக்கிறது. வாரியத்தின் கடிதம் வந்த அதே வாரத்தில்தான் இதய மருத்துவர் அக்காவிடம், இலையுதிர் காலத்தைத் தாண்டுவது கடினம் என்று சொல்லியிருந்தார்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. அம்மாவுக்கு இடப்பக்கம், காலி இடத்தில், பார்வையாளர்கள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள ஓர் ஊஞ்சல் பெஞ்சு.

அக்காவிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவள் பள்ளிச் சமையற்கூடத்தில் முப்பது வருடம் நானூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவள். எதற்கும் பதறமாட்டாள்.

"டேய் தாட், அப்பாவுக்கு எந்த நம்பர் போட்டிருக்கான்?"

"ஏழு."

"ஆறாவது என்னது?"

"ரவுண்டானா."

"ரவுண்டானாவுக்குக் கீழயா அப்பா?" அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "என் இடத்துல பெஞ்சு போடறாங்கங்கறதுகூட அப்புறம். மொதல்ல இதைப் போய்க் கேளு."

நான் கோட்டும் டையும் அணிந்து வாரியத்தின் அலுவலகத்துக்குப் போனேன். இயக்குநர் புரூக் லாசிட்டர் என்ற இளம்பெண். நல்ல பெண்தான், சிரிப்பை நிறுத்தத் தெரியவில்லை.

"வாங்க தாட்! நீங்கதான் எங்க ஏழாம் நம்பரா!"

"மிஸ்டர் பிங்கர்டு," என்றேன். "ஏழாம் நம்பர் என் குடும்பம்."

"ரொம்ப சந்தோஷம் மிஸ்டர் பிங்கர்டு. இதப் பாருங்க." மேசையில் ஒரு சட்டை, ஒரு கோப்பை, ஒரு பீர் டப்பா. மூன்றிலும் "பதினொன்று" என்று எழுதி, கீழே பதினொரு சிறிய கல்லறைகள் வரைந்திருந்தது. "ஊர்ல இருக்கற பீர் கம்பெனி நம்ம இடத்துக்காகவே இதைத் தயார் பண்ணியிருக்காங்க. வாயில வெச்சா லேசாக் கசக்கும், முடிவுல அமைதியா இருக்கும்."

எங்கள் குடும்பத்தில் ஐந்து தலைமுறையாக ஒருவரும் மதுவைத் தொட்டதில்லை. அதைச் சொன்னேன். அவள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

"சூப்பர். அதையும் பலகையில போட்டுடலாம்."

பிறகு அக்காவின் விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் அவள் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு குறைந்தது.

"ஐயையோ. அப்ப பன்னெண்டு ஆயிடுமே."

"ஆகும்."

"எங்க அடையாளமே பதினொண்ணுதான் சார். கையேடு, சட்டை, பலகை எல்லாம் அச்சடிச்சாச்சு. அதோட இப்ப அந்த இடம் பாதுகாக்கப்பட்ட பார்வையிடம். அனுமதியில்லாம ஒரு கரண்டி மண்ணை எடுக்கக்கூடாது. உங்க குடும்பத்தோட நல்லதுக்காகத்தான் அந்த விதி."

எங்கள் ஆலயத்து வக்கீல் பிரதர் ஹாலோவேயைக் கேட்டேன். சட்டம் முழுக்க நம் பக்கம் என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்றேன். இரண்டு வருடம் என்றார். அக்காவிடம் இரண்டு வருடம் இல்லை.

மே மாதம் இரண்டாம் ஞாயிறு நாங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் நாள். ஆராதனை முடிந்ததும் குடும்பமாகப் போய்க் களை பிடுங்கி, கற்களைக் கழுவி, பூ வைத்து, அங்கேயே மேசை விரித்து உட்கார்ந்து சாப்பிடுவோம். வறுத்த கோழி, கொலார்டு கீரை, உருளைக்கிழங்கு சாலட், அக்காவின் பவுண்ட் கேக். இது என் முப்பாட்டனார் காலத்திலிருந்து ஒரு வருடமும் தவறாத வழக்கம்.

இந்த வருடம் போனபோது வேலிக்கு வெளியே முப்பது பேர் நின்றிருந்தார்கள். நடுவில் வைக்கோல் தொப்பியும் காதில் மைக்கும் மாட்டிய ஒருவர். கெர்பர் என்று பெயர். ஓஹாயோவில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று, ஆறு ஆண்டுகளுக்கு முன் இங்கே வீடு வாங்கி வந்தவர். வாரியத்தின் தன்னார்வ வழிகாட்டி.

"இதோ இந்தக் கல்லுக்குக் கீழ தூங்கறவர் எஸ்ரா பிங்கர்டு," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "பகல்ல செங்கல். ராத்திரியில? திருட்டுச் சாராயம்!"

கூட்டம் "ஓ" என்றது.

நான் வேலிக்கு அருகே போனேன். "ஐயா, அவர் டீக்கன். இந்த வட்டாரத்துல முதல் ஆலயத்தைக் கட்டினவர். அவர் காப்பிகூடக் குடிச்சதில்ல."

"கேள்விகள் கடைசியில சார்," என்றார் கெர்பர். பிறகு மைக்கைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "டீக்கன்னு சொன்னேன் சார், மொத வாரம். யாரும் நிக்கல. மெத்தைக் கடைக்குப் போயிட்டாங்க."

நாங்கள் மேசை விரித்துச் சாப்பிட உட்கார்ந்ததும் கூட்டம் கெர்பரை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பியது. தொலைபேசிகள் உயர்ந்தன. என் மருமகன் கோழிக்காலைக் கடிப்பதை ஒரு தம்பதி படம் பிடித்தார்கள். ஓர் அம்மாள் வேலி வழியாக எட்டிப் பார்த்து, "இந்தக் கோழியும் இதோட சேர்ந்ததா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றாள் அக்கா. "கோழி எட்டாம் நம்பர். அடுத்த வருஷம் வாங்க."

இரண்டு வாரம் கழித்து வாரியத்திலிருந்து காலாண்டு மதிப்பீடு வந்தது. பார்வையாளர்கள் என் குடும்பத்துக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். "அமைதியாக இருக்கிறது, ஆனால் எதுவும் நடப்பதில்லை." "கழிப்பறை இல்லை." "உள்ளே இருந்த குடும்பம் நன்றாக நடித்தது. முதியவர் மட்டும் கொஞ்சம் முறைப்பு." கீழே வாரியத்தின் குறிப்பு: "உங்கள் பதினொரு பேரின் செயல்பாட்டை மேம்படுத்த நீங்கள் எடுக்கவிருக்கும் நடவடிக்கைகளை முப்பது நாளுக்குள் தெரிவிக்கவும்."

நான் பதில் எழுதினேன். என் தகப்பனார் நாற்பத்தெட்டு வருடம் ஒரு நாள்கூட வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை என்றும், இப்போது அவர் ஓய்வில் இருப்பதாகவும் தெரிவித்தேன். ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி ரசீது வந்தது.

ஜூன் மாதத்தில் முறைப்படி விண்ணப்பித்தேன். இடுகாட்டில் ஒருவரைச் சேர்ப்பதற்கென்று தனிப் படிவம் இல்லை. "பார்வையிட விரிவாக்கம்" என்ற படிவம்தான் இருந்தது. ரவுண்டானாவுக்குப் பூச்செடி கேட்டபோது தயாரித்த படிவமாம். சேர்க்கப்படும் பொருளின் உயரம், எடை, மின்சாரத் தேவை, மழையைத் தாங்குமா என்று கேட்டிருந்தது.

"அக்கா, உயரம்?"

"அஞ்சடி ஒரு அங்குலம்."

"எடை?"

"அது அந்தப் பொண்ணுக்கு எதுக்கு?"

"படிவத்துல கேக்குது."

"ஒரு பொம்பளைகிட்ட கேக்கற கேள்வியா இது? 'தூக்கறவங்க ஆறு பேர்'னு எழுது. புரிஞ்சுக்குவாங்க."

அப்படியே எழுதினேன்.

ஜூலை பத்தாம் தேதி பொது விசாரணை. வாரியத்தில் ஏழு பேர். தலைவர் கார்ட்டர் விட்மயர் வீடு விற்கும் தொழில் செய்பவர். பெரிய உடம்பு, பெரிய மோதிரம். பேசுபவர்களுக்கு மூன்று நிமிடம். அவருக்கு அந்த விதி இல்லை.

"நண்பர்களே," என்று தொடங்கினார். "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாங்க இந்த ஊரை உண்டாக்கினப்ப இங்க ஒண்ணுமே இல்ல. வெறும் காடு. ஏதோ கொஞ்சம் பேர் குடியிருந்தாங்க, அவ்வளவுதான். ஒரு ஊருக்கு என்ன வேணும்? வரலாறு வேணும். வீடு வாங்க வர்றவங்க மொத கேள்வி பள்ளிக்கூடம், ரெண்டாவது கேள்வி வரலாறு. எங்ககிட்ட வரலாறு இல்ல. நாங்க சோர்ந்து போகல. தேடினோம். ஒரு கார் நிறுத்தற இடத்துல, ரெண்டு தள்ளுவண்டிக்கு நடுவுல, அதைக் கண்டுபிடிச்சோம்!"

கைதட்டல். அக்கா என் கையைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"அந்தக் கொஞ்சம் பேர்ல நானும் ஒருத்தி," என்றாள்.

"அற்புதம்!" என்றார் விட்மயர். "இவங்களுக்கும் ஒரு தடவை கை தட்டுங்க!"

தட்டினார்கள். அக்கா கைதட்டல் ஓயும் வரை காத்திருந்தாள்; சமையற்கூடத்துப் பழக்கம். "எங்க அம்மா பக்கத்துல எனக்கு ஒரு இடம் இருக்கு. அது எனக்கு வேணும். வேற ஒண்ணும் வேணாம். நீங்க அதுல பெஞ்சு போட்டா, எவனோ ஒருத்தன் ஐஸ்கிரீமை வெச்சுக்கிட்டு எங்க அம்மா தலைமாட்டுல ஆடுவான். அதை நான் பார்த்துக்கிட்டு இருக்கப் போறதில்லதான். ஆனா எங்க அம்மா பார்ப்பா."

வாரியத்தின் சட்ட ஆலோசகர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

"ஒரு சிக்கல். பிரிவு நாலு. பாரம்பரிய இடத்துல புதுசா எது சேர்த்தாலும் அது குறைஞ்சது அம்பது வருஷம் பழசா இருக்கணும்."

"எனக்கு எண்பத்தாறு," என்றாள் அக்கா.

ஏழு பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு விட்மயர் மைக்கைத் தட்டினார். பிரிவு நான்கு கல்லறையைக் குறிப்பிடவில்லை, சேர்க்கப்படும் பொருளைத்தான் குறிப்பிடுகிறது என்றும், பொருள் தகுதி பெறுகிறது என்றும், அதன் மெய்யான பழமையை வாரியம் பாராட்டுகிறது என்றும் அறிவித்தார். நாலுக்கு மூன்று என்ற வாக்கில் அனுமதி கிடைத்தது. எண்ணிக்கை மாறுவதைப் பற்றிக் கேட்டபோது, "பன்னெண்டாவதைக் கையேட்டுல போடாம விட்டுடலாம்," என்றாள் புரூக்.

நான் எழுந்து நன்றி சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, பிங்கர்டுகள் பொது இடத்தில் துடைப்பதில்லை. வீட்டுக்கு வந்துதான் அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். "பணி தொண்ணூறு நாளுக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். தவறினால் அனுமதி காலாவதியாகும். அந்த இடத்தில் ஏற்கெனவே திட்டமிட்ட பெஞ்சு நிறுவப்படும்."

"தொண்ணூறு நாளா?" என்றாள் அக்கா. விரல்விட்டு எண்ணினாள். "அக்டோபர் எட்டு. டாக்டர் அதுக்கும் மேல போகலாம்னுதான சொன்னாரு?"

"அக்கா, அப்படியெல்லாம் பேசாத."

"நான் எங்கடா பேசினேன்? சீட்டு பேசுது."

நீட்டிப்புக்கு எழுதினேன். பணி தொடங்கியதற்கு அத்தாட்சி இருந்தால் நீட்டிக்கலாம் என்றும், ஆய்வாளர் நேரில் வருவார் என்றும் பதில் வந்தது. செப்டம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டோக்ஸ் என்ற ஆய்வாளர் வந்தார். வீட்டுக்குள் நுழையும்போது தொப்பியைக் கழற்றினார். வளர்த்தவர்கள் ஒழுங்காக வளர்த்திருக்கிறார்கள். அக்கா அடுப்பிலிருந்து கேக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார்.

"மிஸ் வெர்லீன், மன்னிக்கணும். இதுல பணி எத்தன சதவீதம் முடிஞ்சிருக்குன்னு கேட்டிருக்கு."

"நீ எவ்வளவு போடப் போற?"

"நீங்க சொல்றதுதான் மேடம்."

"நேத்து படி ஏறறப்ப ரெண்டு தடவை நின்னேன். அறுபது போடு."

"அறுபதுக்கு மேல இருந்தாத்தான் நீட்டிப்பு."

"அப்ப அறுபத்தஞ்சு. இந்தா, சூடா இருக்கறப்பவே சாப்பிடு."

அவர் இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவது துண்டைத் துணியில் சுற்றி அக்கா கையில் கொடுத்தாள். நேர்மையான மனிதர். பார்த்ததைத்தான் எழுதினார்: "பொருள் நின்றுகொண்டு கேக் சுடுகிறது. பணி தொடங்கியதாகத் தெரியவில்லை." நீட்டிப்பு மறுக்கப்பட்டது.

அக்டோபர் எட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்கு அனுமதி காலாவதியானது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அக்கா இரண்டாவது முறை பீன்ஸ் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "அவங்க கெடுவுக்கெல்லாம் நான் போக மாட்டேன்," என்றாள். "நான் பிங்கர்டு. கூப்பிடறவர் கூப்பிட்டாத்தான் போவேன்." தட்டைக் கழுவி வைத்த பிறகு என் அருகில் வந்து நின்றாள். "ஆனா தாட், எனக்கு அம்மா பக்கத்துலதான்டா. எப்படின்னு எனக்குத் தெரியாது. நீ பார்த்துக்கோ." அப்படி அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

ஐந்தாம் நாள், ஞாயிறு காலை, ஆலயத்துக்குப் போகத் தொப்பி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தவள் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டாள். லாவெண்டர் நிறத் தொப்பி மடியில் இருந்தது.

ஹாலிஃபீல்டு இறுதிச்சடங்கு நிலையத்தில் அக்கா காத்திருந்தாள். மூன்றாம் நாள் வாரியத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பாரம்பரிய வாரத்தை முன்னிட்டு ஏழு பார்வையிடங்களும் தத்தம் இடத்தில் பொதுமக்களுக்கு ஒரு நேரடி நிகழ்ச்சி நடத்த வேண்டும். ரயில் பெட்டியில் பூசணிக்காய் செதுக்குகிறார்கள். ரவுண்டானாவை வாத்தியக் குழு சுற்றி வருகிறது. "உங்கள் இடத்தில் எதுவும் நடப்பதில்லை என்ற குறையைப் போக்க இது நல்ல வாய்ப்பு. பழங்காலத் தென்மாநில வாழ்க்கையை உண்மையாகக் காட்டும் நிகழ்ச்சிகளுக்கு முன்னுரிமை."

இணைத்திருந்த படிவத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு பேனாவை எடுத்துக் கொட்டை எழுத்தில் நிரப்பினேன்.

நிகழ்ச்சியின் பெயர்: அடக்க ஆராதனை. பங்கேற்பவர்: மிஸ் வெர்லீன் பிங்கர்டு, வயது எண்பத்தாறு, அவருடைய குடும்பம், ஆலயம், பாடகர் குழு. பயன்படுத்தும் பொருட்கள்: சவப்பெட்டி ஒன்று. மண் தோண்டப்படுமா: ஆம், ஆறடி. உண்மைத்தன்மை, பத்துக்கு எத்தனை: பத்து. முடிந்ததும் எடுத்துச் செல்லும் பொருட்கள்: கூடாரம், நாற்பது நாற்காலிகள், ஒலிபெருக்கி. மீண்டும் நடத்தப்படுமா: இல்லை.

அனுப்புவதற்கு முன் எங்கள் பாஸ்டரிடம் காட்டினேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "பிரதர் பிங்கர்டு, இது பொய் இல்லையா?"

"ஒரு வரி பொய்யா இருந்தாக் காட்டுங்க பாஸ்டர். அடிச்சிடறேன்."

அவர் மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். "எனக்கு ஒரு எழுத்துப்பிழைகூடக் கிடைக்கல," என்று திருப்பிக் கொடுத்தார்.

நாற்பது நிமிடத்தில் அனுமதி வந்துவிட்டது. "அசத்தல்!!!" என்று எழுதி, ஒரு பூசணிக்காய் வரைந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஹாலிஃபீல்டு ஆட்கள் குழி தோண்டியபோது நகராட்சி ஊழியர்கள் சுற்றிலும் ஆரஞ்சுக் கூம்புகள் வைத்து உதவினார்கள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு அக்கா வந்தாள். கறுப்பு வண்டி மெத்தைக் கடைக்கு முன்னால் மெதுவாகத் திரும்பியது. வெள்ளைக் கையுறை அணிந்த எங்கள் ஆலயத்துச் சகோதரிகள் இரு பக்கமும் நின்றார்கள். பாடகர் குழு பாடத் தொடங்கியது. வேலிக்கு வெளியே இருநூறு பேராவது மடக்கு நாற்காலியும் காப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு தொடங்கியதும் காப்பியைக் கீழே வைத்தார்கள். நாங்கள் அழுதோம். அவர்களில் பலரும் அழுதார்கள். அதற்காக நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

கடைசியாகப் பார்ப்பதற்குப் பெட்டியைத் திறந்தபோது விட்மயரும் வரிசையில் வந்தார். லாவெண்டர் தொப்பியோடு படுத்திருந்த அக்காவைக் குனிந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது.

"அட, மிஸ் வெர்லீன்!" என்று என் காதில் கிசுகிசுத்தார். "இமைகூட ஆடல பாருங்க. என்ன ஒரு கட்டுப்பாடு!"

"எப்பவும் அப்படித்தான்," என்றேன்.

பிறகு அவர் மைக்கை வாங்கிப் பேசினார்.

"நண்பர்களே, இது நெசம் இல்லைன்னு நம்பவே கஷ்டமா இருக்கு. இதுதான் எங்க வாரியத்தோட சாதனை. நெசமான சாவு வீட்டுக்கு நான் நிறைய போயிருக்கேன். அங்கெல்லாம் இந்த அளவுக்கு உணர்ச்சி கிடையாது. கார் நிறுத்தறதுக்கு இவ்வளவு வசதியும் கிடையாது. நெசம்னா எவ்வளவோ தொந்தரவு. நெசம் மாதிரி இருந்தா குடும்பத்தோட வந்து பார்க்கலாம்!"

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை மூடி, இறக்கினார்கள். "மண்ணுக்கு மண்" என்று பாஸ்டர் சொன்னபோது நான் ஒரு கைப்பிடி போட்டேன். குடும்பத்தார் போட்டார்கள். விட்மயரும் ஆர்வத்தோடு முன்னால் வந்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து, படத்துக்கு நின்று, ஒரு கைப்பிடி போட்டார். ஆட்கள் குழியை மூடத் தொடங்கியதும் வெளியே கைதட்டல் எழுந்தது. மூடி முடிக்கும் வரை யாரும் நகரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு புரூக் லாசிட்டர் மட்டும் மண்மேட்டின் அருகே நின்றிருந்தாள். கையில் என் படிவம் இருந்தது.

"சார்," என்றாள். "மிஸ் வெர்லீன் எப்ப வெளியே வருவாங்க?"

"கடைசி நாள்ல, எக்காளம் ஊதறப்ப."

"யார் ஊதறது? எங்க நிகழ்ச்சி நிரல்ல இல்லையே..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். படிவத்தைப் பிரித்தாள். அப்போதுதான் அதை முதல் வரியிலிருந்து படிக்கிறாள் என்று தெரிந்தது. படித்து முடித்து, மண்மேட்டைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த எங்கள் அம்மாவின் கல்லைப் பார்த்தாள். பெண்ணின் முகத்தில் சிரிப்பு சுத்தமாக இல்லை. இல்லாதபோது லட்சணமான முகம்.

விட்மயர் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "புரூக், அற்புதம்! அடுத்த காட்சி எப்ப? சனிக்கிழமை தோறும் வைப்போம்!"

அவள் படிவத்தை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். "இது ஒரு தடவைதான் சார்," என்றாள். "அந்த பெஞ்சையும் வேற எங்கயாவது போட்டுக்கலாம். இங்க... இங்க இடம் பத்தாது."

"ஒரு தடவைதானா? அநியாயம்." அவர் என் தோளில் தட்டினார். "அந்தம்மாகிட்ட என் பாராட்டை மறக்காம சொல்லிடுங்க."

"நீங்களே உங்க கையால குடுத்தீங்க," என்றேன். "வாங்கிக்கிட்டாங்க."

அவர் மகிழ்ந்துபோய் அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்பினார்.

என் மருமகனும் ஹாலிஃபீல்டு ஆட்களும் கூடாரத்தைப் பிரித்தார்கள். நான் நாற்காலிகளை எண்ணினேன். நாற்பதும் சரியாக இருந்தன. ஒலிபெருக்கியையும் வண்டியில் ஏற்றினோம். படிவத்தில் எடுத்துச் செல்வதாக எழுதியிருந்த எல்லாவற்றையும், ஒன்று விடாமல், எடுத்துக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போனோம்.